ரிலீஸ் தேதிக்கு முன்பே வீடியோ கேம் விற்றால் ஜெயிலா?

கடைக்குப் போய்க் கேட்கிறார் ஒருவர். கல்லாவில் நிற்கும் பையன் தேதியைக் கவனிக்கவில்லை. அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறான். இவரும் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

மறுநாள் ஒரே அமர்க்களம்!

காரணம், அந்த வீடியோ கேம் வெளிவரும் நாள் இன்னும் வரவே இல்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அடிக்கடி நடக்கிற சமாசாரம் இது. 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் “காட் ஆப் வார் ராக்னராக்” என்ற விளையாட்டுக்கு இந்தக் கதி நேர்ந்தது. நவம்பர் 9-ந் தேதிதான் ரிலீஸ் என்று சோனி கம்பெனி அறிவித்திருந்தது. ஆனால் கிட்டத்தட்ட 2 வாரம் முன்பே ஒரு கடையில் விற்பனை ஆகிவிட்டது. கதையின் முக்கியக் கட்டங்கள் படம் படமாக இண்டர்நெட்டில் வந்து விழுந்தன.

வருஷக்கணக்கில் உழைத்தவர்களுக்கு வயிறு எரியாதா? அதே வரிசையில் 2018-ல் வந்த விளையாட்டை டைரக்ட் செய்த கோரி பார்லாக், அந்தக் கடை மீது தன் எரிச்சலை வெளிப்படையாகவே கொட்டினார்.

இப்படி நடக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கிளம்புகிறது. “இது சட்ட விரோதம் ஆச்சே! கடைக்காரரைப் பிடித்து உள்ளே போட வேண்டாமா? வாங்கியவர் மீதும் கேஸ் வருமா?”

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தெருத் தேதி

கடைகள் விற்பனையைத் தொடங்க வேண்டிய நாளுக்கு “ஸ்ட்ரீட் டேட்” என்று பெயர். தமிழில் சொன்னால் “தெருத் தேதி”. சரக்கு தெருவுக்கு வருகிற தேதி.

ஆரம்ப காலத்தில் இந்த வம்பே கிடையாது. வீடியோ கேம் பெட்டி எந்தக் கடைக்கு என்றைக்கு வந்து சேருகிறதோ அன்றைக்கு விற்பனை. ஒரு ஊரில் திங்கட்கிழமை கிடைக்கும். பக்கத்து ஊரில் அடுத்த வாரம் கிடைக்கும். யாரும் கேட்க மாட்டார்கள்.

இதைத் தலைகீழாக மாற்றியது செகா கம்பெனி. நீல நிற முள்ளெலி “சோனிக்” ஓடுமே, அதன் 2-ம் பாகத்தை 1992-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரே நாளில் இறக்கினார்கள். (ஜப்பானில் மட்டும் 3 நாள் முன்னால்.) சினிமாப் படத்துக்குச் செய்வதுபோல் அந்தத் தேதியை வைத்தே விளம்பரம் செய்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி, திங்கட்கிழமை, “மார்டல் காம்பாட்” வந்தபோதும் அதே தந்திரம்தான்.

பிறகு எல்லாக் கம்பெனியும் அதைப் பிடித்துக்கொண்டது. விளம்பரத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். முதல் நாளே கடை வாசலில் கியூ நிற்க வேண்டும். முதல் வார வசூல்தான் உயிர். தீபாவளிப் படம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கேதான் சிக்கல்.

ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கடையில் விற்பனை தொடங்க வேண்டும் என்றால் சரக்கு எப்போது போக வேண்டும்? சில நாள் முன்பே லாரியில் ஏற்றினால்தான் உண்டு. ஆகவே பெட்டி முன்கூட்டியே குடோனுக்கு வந்துவிடுகிறது. “இந்தத் தேதிக்கு முன் விற்காதே” என்று பெட்டி மேல் அச்சடித்து அனுப்புகிறார்கள்.

கடைக்குள் சரக்கு இருக்கிறது. வெளியே வாடிக்கையாளர் பணத்தோடு நிற்கிறார். நடுவில் இருப்பது பெட்டி மேல் ஒட்டிய ஒரு சீட்டு!

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

போலீசுக்கு வேலை இல்லை

சரி, கேள்விக்கு வருவோம். தேதிக்கு முன் விற்றால் ஜெயிலா?

இல்லை.

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ “ரிலீஸ் தேதிக்கு முன் வீடியோ கேம் விற்பது குற்றம்” என்று ஒரு சட்டம் கிடையாது. அந்தத் தேதியைக் குறித்தது சர்க்கார் அல்ல, கம்பெனி. கம்பெனி போட்ட தேதியை மீறினார் என்று போலீஸ் யாரையும் பிடித்துக்கொண்டு போக முடியாது.

அப்படியானால் எந்தப் பிடியும் இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் ஒப்பந்தம்.

சரக்கு வாங்கும்போது கடைக்காரர் கம்பெனியிடமோ மொத்த வியாபாரியிடமோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். “தேதிக்கு முன் விற்க மாட்டேன்” என்று அதில் ஒரு ஷரத்து இருக்கும். மீறினால் அது ஒப்பந்த மீறல். கம்பெனி சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்கலாம். முன்பே விற்ற ஒவ்வொரு காப்பிக்கும் இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பதும் உண்டு.

ஆனால் கோர்ட்டு வரை போவது அபூர்வம். அதைவிடப் பெரிய ஆயுதம் கம்பெனி கையில் இருக்கிறது.

“அடுத்த தடவை உனக்கு முன்கூட்டிச் சரக்கு கிடையாது!”

அவ்வளவுதான். அடுத்த பெரிய விளையாட்டு வரும்போது ஊரில் மற்ற கடையெல்லாம் ரிலீஸ் அன்று காலையில் விற்றுக்கொண்டிருக்கும். இவர் கடைக்கு அன்றைக்குத்தான் லாரி கிளம்பும். சரக்கு வந்து சேருவதற்குள் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போயிருப்பார். முதல் வார வியாபாரம் போனால் வீடியோ கேம் கடைக்காரருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? பழைய டிஸ்க்கும் தூசியும்தான்.

பெட்டியைத் தவறுதலாகப் பிரித்த பையனுக்கு வேலை போவதும் உண்டு. உண்மையான தண்டனை விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

89 காசு வழக்கு

“பெட்டி மேல்தான் அச்சடித்திருக்கிறதே, விற்காதே என்று. அது சட்டம் மாதிரி ஆகாதா?” என்று கேட்கலாம்.

இதற்குப் பதில் சொல்ல 100 வருஷத்துக்கு முன் போக வேண்டும்.

அமெரிக்காவில் பாப்ஸ் மெரில் என்று ஒரு புத்தகக் கம்பெனி. “தி காஸ்ட்அவே” என்ற நாவலை வெளியிட்டது. உள்ளே ஒரு அறிவிப்பு அச்சடித்தார்கள். “இதன் விலை 1 டாலர். குறைத்து விற்க எந்த வியாபாரிக்கும் அனுமதி இல்லை. மீறினால் எங்கள் காப்பிரைட்டை மீறியதாகும்” என்பது அதன் சாரம்.

நியூயார்க்கில் மேசிஸ் என்ற பிரம்மாண்டமான கடை. அதை நடத்தியவர்கள் ஸ்டிராஸ் சகோதரர்கள். அவர்கள் அந்த அறிவிப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. நாவலை 89 சென்ட்டுக்குத் தள்ளிவிட்டார்கள்.

கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறியது. 1908-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது.

மேசிசுக்கு வெற்றி!

“காப்பி அடித்து அச்சிடுவதைத் தடுக்கத்தான் காப்பிரைட் சட்டம். ஒரு பிரதியை நீ விற்றுவிட்டால், அதை வாங்கியவர் மறுபடி என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று அட்டையில் அச்சடித்துக் கட்டுப்படுத்த அந்தச் சட்டம் உனக்கு இடம் தரவில்லை” என்ற கருத்தில் நீதிபதிகள் முடிவு சொன்னார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. மேசிஸ் கடைக்கும் பாப்ஸ் மெரிலுக்கும் இடையே விலை பற்றி ஒப்பந்தம் இல்லை. இருந்திருந்தால் கதை வேறு. வெறும் அச்சடித்த வாசகம் ஊரில் உள்ள எல்லாரையும் கட்டாது. கையெழுத்துப் போட்டவரை மட்டும் அவர் போட்ட கையெழுத்து கட்டும்.

இந்தக் கொள்கையைப் பிறகு அமெரிக்கச் சட்டப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டார்கள். “முதல் விற்பனைக் கோட்பாடு” என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

“விற்பனைக்கு அல்ல” என்று முத்திரை குத்தி இசைத்தட்டுக் கம்பெனி ஓசியாக அனுப்பிய டிஸ்க்குகளை ஒருவர் பழைய தட்டாக வாங்கி இண்டர்நெட்டில் ஏலம் போட்டு விற்றார். கம்பெனி வழக்குப் போட்டது. 2011-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு என்ன சொன்னது? முத்திரை குத்திவிட்டால் மட்டும் பொருள் உன்னுடையதாகவே இருந்துவிடாது என்றது. கம்பெனிக்குத் தோல்வி.

ஜப்பானிலும் இந்த மாதிரி ஒரு சண்டை. பழைய வீடியோ கேம்களை வாங்கி விற்கும் கடைகளைத் தடுக்கக் கம்பெனிகள் மல்லுக்கு நின்றன. 2002-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு “ஒரு தடவை முறைப்படி விற்றாச்சு என்றால் உன் விநியோக உரிமை தீர்ந்தது” என்று கைவிரித்துவிட்டது.

வாங்கியவர் பயப்பட வேண்டுமா?

இந்த விஷயத்தில்தான் ஆளாளுக்குப் புருடா விடுகிறார்கள். “முன்பே வாங்கினால் நீயும் குற்றவாளி” என்று பயமுறுத்துகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் யாரிடம் கையெழுத்துப் போட்டார்? யாருக்கு வாக்குக் கொடுத்தார்? கடை திறந்திருந்தது. பொருள் இருந்தது. விலையைக் கொடுத்தார். பில் வாங்கினார். சத்தியம் செய்தவர் கடைக்காரர். வாங்கியவருக்கும் அந்தச் சத்தியத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் ஒன்று. கல்லாவில் இருக்கும் பையன் கையில் ரகசியமாகப் பணத்தை அழுத்தி “எனக்கு மட்டும் ஒண்ணு எடுத்துக் கொடுப்பா” என்று தூண்டினால்?

அதற்கும் பழைய வழக்கு இருக்கிறது. வழக்குக்குக் காரணம் ஒரு பாட்டுக்காரி!

லண்டனில் ஜொஹன்னா வாக்னர் என்ற புகழ்பெற்ற ஆபரா பாடகி, லம்லி என்பவரின் அரங்கத்தில் பாட ஒப்பந்தம் செய்திருந்தார். போட்டி அரங்கக்காரர் கை என்பவர் கூடுதல் பணம் காட்டித் தன் பக்கம் இழுத்தார். லம்லி வழக்குப் போட்டார். 1853-ல் கோர்ட்டு ஒரு புது விதியைச் சொன்னது. ஒப்பந்தத்தை மீறியவர் மீது மட்டும் அல்ல, தெரிந்தே மீறத் தூண்டியவர் மீதும் வழக்குப் போடலாம் என்று! அந்த விதி இன்றும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிற்கிறது.

ஆகவே சும்மா கேட்டு வாங்கியவர் வேறு. ஒப்பந்தம் இருப்பது தெரிந்தே லஞ்சம் கொடுத்துத் தூண்டியவர் வேறு.

லாரியை மறித்துக் கொள்ளை

எங்கே போலீஸ் வரும்?

2011-ம் ஆண்டு நவம்பர். “கால் ஆப் டூட்டி: மாடர்ன் வார்பேர் 3” 8-ந் தேதி ரிலீஸ். அதற்கு முந்தைய சனிக்கிழமை காலையில் பாரீஸ் நகரை அடுத்த கிரெத்தேய் என்ற இடத்தில் சரக்கு லாரி போய்க்கொண்டிருந்தது. கொள்ளையர்கள் காரைக் கொண்டுவந்து லாரி மீது மோதினார்கள். கண்ணீர்ப் புகையை அடித்தார்கள். சுமார் 6 ஆயிரம் காப்பிகளோடு கம்பி நீட்டிவிட்டார்கள். மதிப்பு சுமார் 4 லட்சம் யூரோ!

தங்கக் கட்டியைக் கொள்ளை அடிப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். வீடியோ கேமுக்குக் கண்ணீர்ப் புகையா?

அந்தச் சரக்கைத் தெரிந்தே வாங்கி விற்கிற கடைக்காரருக்குக் கட்டாயம் ஜெயில்தான். ஆனால் அங்கே குற்றம் திருட்டு. தேதி அல்ல. ரிலீசுக்குப் பத்து நாள் கழித்து விற்றாலும் அது திருட்டுப் பொருள்தான்.

இங்கிலாந்தில் இன்னொரு விஷயமும் உண்டு. 12, 16, 18 வயது என்று முத்திரை குத்திய விளையாட்டுகளை அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விற்றால் அது நிஜமான கிரிமினல் குற்றம். 2012-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி முதல் இந்த விதி அமலில் இருக்கிறது. அதாவது, ரிலீஸ் அன்று காலையில் ஒழுங்காகக் கடையைத் திறந்து 15 வயதுப் பையனுக்கு 18 வயது விளையாட்டை விற்றவர் கிரிமினல். 3 நாள் முன்னால் 30 வயதுக்காரருக்கு அதையே விற்றவர் கிரிமினல் இல்லை!

வாலிபர் கொடுத்த 15 லட்சம் டாலர்

ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும்.

2009-ம் ஆண்டு நவம்பர். நிண்டெண்டோ கம்பெனியின் “நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ” விளையாட்டு உலகத்திலேயே முதலில் ஆஸ்திரேலியாவில்தான் வெளிவர இருந்தது. ரிலீசுக்குச் சில நாள் முன்பே குவீன்ஸ்லாந்து மாநில வாலிபர் ஒருவர் கையில் ஒரு காப்பி வந்து சேர்ந்துவிட்டது.

அத்தோடு விட்டிருந்தால் அவருக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி பகலாக ஆடியிருக்கலாம். கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கலாம்.

அவர் அதைக் காப்பி எடுத்து இண்டர்நெட்டில் ஏற்றிவிட்டார்! உலகமே டவுன்லோட் செய்துகொண்டது.

நிண்டெண்டோ சும்மா விடுமா? துப்புத் துலக்கி ஆளைப் பிடித்தது. கோர்ட்டுக்கு இழுத்தது. கடைசியில் சமரசம். வாலிபர் 15 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் நஷ்ட ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டார். அன்றைய கணக்கில் நம் பணம் சுமார் 6 கோடி ரூபாய். வழக்குச் செலவுக்கு மேலும் 1 லட்சம் டாலர்.

இதையும் ஊரில் “முன்பே வாங்கியதற்காகப் போட்ட வழக்கு” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். தப்பு. காப்பி அடித்துப் பரப்பியதற்கு விழுந்த அடி அது.

கம்பெனி பக்கத்து நியாயமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு டிஸ்க் முன்பே வெளியே போனால் போகட்டும், ஒன்றுதானே என்று அவர்களால் இருக்க முடியாது. அந்த ஒன்று லட்சம் ஆகும். 2023-ம் ஆண்டு மே 12-ந் தேதி வெளிவந்த செல்டா விளையாட்டு, ரிலீசுக்கு முன்பே 10 லட்சம் தடவைக்கு மேல் திருட்டுத்தனமாக டவுன்லோட் ஆனது என்று நிண்டெண்டோ கோர்ட்டில் சொன்னது. அந்த வழக்கு கடைக்காரர் மீது அல்ல. கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டை ஆட உதவும் “யூசு” என்ற புரோகிராமைச் செய்தவர்கள் மீது. 2024-ல் 24 லட்சம் அமெரிக்க டாலருக்குச் சமரசம் ஆனது.

“வாங்கியாச்சு; ஆனால் படிக்காதே!”

வாங்கியவர் மீது கோர்ட்டு கை வைத்ததே இல்லையா என்றால், வைத்திருக்கிறது. அது வீடியோ கேம் வழக்கு அல்ல, புத்தக வழக்கு. ஆனாலும் தெருத் தேதி பற்றிப் பேசுகிற யாரும் இதை விட மாட்டார்கள்.

ஹாரி பாட்டர் 6-ம் புத்தகம் 2005-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி நள்ளிரவு தாண்டி 1 நிமிடத்துக்கு வெளிவர வேண்டும். கனடா நாட்டில் வான்கூவர் நகரை அடுத்த கோகிட்லம் என்ற ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட். அங்கே தெரியாத்தனமாக அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார்கள். சுதாரிப்பதற்குள் 14 பிரதிகள் விற்றுவிட்டன.

யார் வாங்கினார்கள்? யாருக்கும் தெரியாது. காய்கறி வாங்க வந்தவர்கள் போகிற போக்கில் கூடையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள்.

கனடாவில் புத்தகத்தை வெளியிடும் ரெயின்கோஸ்ட் கம்பெனி பிரிட்டிஷ் கொலம்பியா சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது. தடை உத்தரவு கேட்டது. கோர்ட்டும் கொடுத்தது.

என்ன உத்தரவு தெரியுமா?

வாங்கியவர்கள் அந்தப் புத்தகத்தை விற்கக் கூடாது. யாருக்கும் காட்டக் கூடாது. கதையைச் சொல்லக் கூடாது. 16-ந் தேதி வரை அவர்களே படிக்கவும் கூடாது!

காசு கொடுத்து வாங்கிய புத்தகம். சொந்த வீடு. சொந்த நாற்காலி. படித்தால் கோர்ட்டு அவமதிப்பு. எப்படி இருக்கு கதை?

பெயர் ஊர் தெரியாத அந்த 14 பேரும் கோர்ட்டில் இல்லை. “நான் என்னய்யா தப்புச் செய்தேன்?” என்று கேட்க ஆளும் இல்லை. ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும், எழுத்தாளரின் உரிமையைக் காப்பாற்ற வேண்டும் என்ற கம்பெனி தரப்பு மட்டுமே காதில் விழுந்தது.

சட்டப் பேராசிரியர்கள் கண்டித்தார்கள். “கடையில் பகிரங்கமாக விற்ற பொருள் எப்படி ரகசியம் ஆகும்?” என்று கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. கடைக்காரர் செய்த தவறுக்குக் கடைக்காரரைக் கேட்காமல் வாடிக்கையாளர் வாயைக் கட்டுவது என்ன நீதி?

கம்பெனிக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்ததோ என்னவோ, புத்தகத்தை முன்னதாகத் திருப்பிக் கொடுத்தால் எழுத்தாளர் ரவுலிங் கையெழுத்திட்ட சீட்டும் ஒரு டி-சட்டையும் பரிசு என்று அறிவித்தது.

அதற்கு 2 வருஷம் முன்னால், 2003-ல், 5-ம் புத்தகத்துக்கும் ஒரு கூத்து நடந்தது. நியூயார்க்கில் புருக்ளின் பகுதியில் ஒரு சத்துணவுக் கடை. அங்கே முன்பே விற்பனைக்கு வைத்த பிரதியை “டெய்லி நியூஸ்” பத்திரிகை வாங்கிவிட்டது. வாங்கிய கையோடு கதைச் சுருக்கத்தையும் போட்டுவிட்டது. ரவுலிங்கும் பதிப்பாளரும் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். யார் மீது? சத்துணவுக் கடைக்காரர் மீது அல்ல. விஷயத்தை வெளியே போட்ட பத்திரிகை மீது!

பெரிய கடைக்கு ஒரு நீதியா?

சின்னக் கடைக்காரர்கள் புலம்புவது ஒன்றே ஒன்றுதான்.

“நான் 10 காப்பி முன்னால் விற்றால் சரக்கை நிறுத்துகிறார்கள். பெரிய கடை 1,000 காப்பி விற்றால் விசாரிக்கிறோம் என்கிறார்கள்!”

2013-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி “கிராண்ட் தெப்ட் ஆட்டோ 5” ரிலீஸ். உலகத்திலேயே அதிகம் எதிர்பார்த்த விளையாட்டு. அதற்குச் சில நாள் முன்பே இங்கிலாந்தில் அமேசானில் பதிவு செய்திருந்த சிலர் வீட்டுக்குப் பார்சல் வந்துவிட்டது. தேதிக்கு முன் விற்க யாருக்கும் அனுமதி இல்லை, விசாரிக்கிறோம் என்று ராக்ஸ்டார் கம்பெனி சொன்னது.

உலகத்தில் பாதிச் சரக்கை விற்றுத் தருகிற கடையைப் பகைத்துக்கொள்ள எந்தக் கம்பெனிக்குத் தைரியம் வரும்? முனையில் இருக்கிற ஒற்றைக் கடைக்காரரை மிரட்டுவது சுலபம்.

ஆனால் முனைக் கடைக்காரரும் முழுக்க அப்பாவி என்று சொல்லிவிட முடியாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, சரக்கை குடோனில் பூட்டி வைத்துவிட்டு, “செவ்வாய்க்கிழமை வாங்க தம்பி” என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிற பக்கத்துக் கடைக்காரர் ஏமாளி ஆகிவிடுகிறார். கம்பெனியின் நஷ்டத்தை எல்லாரும் பேசுகிறார்கள். இவருடைய நஷ்டத்தை யாரும் எழுதுவதில்லை. ஒருவர் மீறினால் ஊரில் மற்றவர்களும் மீறுகிறார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாக் கடையிலும் விற்பனை அமோகம்!

ஜப்பானில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. “பிளையிங் கெட்.” ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்கும் முன் ஓடுகிற மாதிரி, தேதிக்கு முன் பொருளைக் கைப்பற்றுவது.

அதே ஜப்பானைப் பற்றி ஒரு கட்டுக்கதையும் உண்டு. “டிராகன் குவெஸ்ட் விளையாட்டைப் பள்ளிக்கூட நாளில் விற்கக் கூடாது என்று அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள்” என்று பல பேர் சத்தியம் செய்வார்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை! 1988-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, புதன்கிழமை, 3-ம் பாகம் வெளிவந்தது. மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கியூவில் நின்றார்கள். பலர் பிடிபட்டார்கள். பெரிய சத்தம் கிளம்பியது. 1990-ல் 4-ம் பாகத்தைக் கம்பெனி ஞாயிற்றுக்கிழமையில் வெளியிட்டது. ஊர் வாய் அதைச் சட்டம் ஆக்கிவிட்டது.

டிஸ்க் இருக்கு; விளையாட்டு இல்லை!

கடைக்காரரைக் கட்டுப்படுத்தும் தலைவலியைக் கம்பெனிகள் இப்போது வேறு வழியில் தீர்த்துக்கொள்கின்றன.

2022-ல் வந்த “மாடர்ன் வார்பேர் 2” விளையாட்டின் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. அதில் இருந்தது சுமார் 70 எம்.பி. மட்டுமே. மீதி எல்லாம் இண்டர்நெட் வழியாகத்தான் வர வேண்டும். கம்பெனி அங்கே கதவைத் திறந்தால்தான் உள்ளே போகலாம்.

இனிமேல் கல்லாப் பையன் தேதி பார்க்காமல் கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன? வாங்கி வந்தவர் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, தேதி தேதி என்று உயிரை விடுகிறார்களே, கம்பெனிகளாவது தேதியை மதிக்கின்றனவா?

2020-ம் ஆண்டு மார்ச்சில் கொரோனா வந்தது. “டூம் எடர்னல்” என்ற விளையாட்டும் நிண்டெண்டோவின் “அனிமல் கிராசிங்” விளையாட்டும் 20-ந் தேதி ஒரே நாளில் வெளிவர இருந்தன. இரண்டு கூட்டமும் சேர்ந்து கடையில் முண்டினால் ஆபத்து. எனவே அமெரிக்காவில் கேம்ஸ்டாப் கடைகள் “டூம்” விளையாட்டை ஒரு நாள் முன்பே, 19-ந் தேதியே விற்றன. அடுத்த மாதம் “பைனல் பேன்டசி 7” விளையாட்டின் புதுப் பதிப்பை ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனியே ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் முன்கூட்டி அனுப்பி வைத்தது. 10-ந் தேதி ரிலீஸ். பல பேர் கையில் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆபத்துக்குப் பாவம் இல்லை என்று விட்டுவிடலாம்.

2023-ல் வந்த “ஸ்டார்பீல்ட்” விளையாட்டை என்ன சொல்வது?

ரிலீஸ் தேதி செப்டம்பர் 6. விலை சுமார் 70 டாலர். ஆனால் 100 டாலர் பதிப்பை வாங்கினால் செப்டம்பர் 1-ந் தேதியே ஆடலாம் என்று கம்பெனியே விற்றது. கூடவே வேறு சில அயிட்டங்களும் தருவதாகச் சொன்னார்கள். கூடுதல் தொகை 30 டாலர்.